முகம் தெளிந்த நாட்கள்

ஒரு மணி நேரம் அசையக்கூடாது, பேசக்கூடாது, போன் பார்க்கக்கூடாது, தண்ணீரை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டு சும்மா படுத்திருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு சிஸ்டர் அமலி கதவைச் சாத்திக்கொண்டு போனாள். கனமான கதவு. உள்ளே ஈயத் தகடு வைத்திருக்கிறார்களாம், என்னிடமிருந்து வெளியே இருப்பவர்களைக் காப்பாற்ற. ஊசியில் போனது சர்க்கரை, கதிர்வீச்சு ஏற்றிய சர்க்கரை. உடம்பில் எந்த இடம் ரொம்பப் பசியோடு வளர்கிறதோ அந்த இடம் அதை அள்ளித் தின்னும், பிறகு ஸ்கேன் எடுத்தால் அந்த இடம் மட்டும் எரிவது மாதிரி தெரியும். பேசினால் தொண்டைச் சதை தின்றுவிடும், நடந்தால் கால் சதை தின்றுவிடும், அதனால்தான் அசையாமல் கிடக்கச் சொல்கிறார்கள். யோசித்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். மூளை எப்பவும் தின்னும் ஐயா, அதை யாராலும் நிறுத்த முடியாது என்றாள். நாற்பது வயதிருக்கும் அவளுக்கு, சிரிக்காமல்தான் சொன்னாள். ஏ.சி. குளிர் கால் விரலில் ஏறுகிறது. போர்வையை இழுத்துக்கொள்ளலாமா, அது அசைவதில் சேருமா. ஊசி போடுவதற்கு முன்னால் அவள் ஒரு படிவத்தை வைத்துக்கொண்டு வரிசையாகக் கேட்டாள், சர்க்கரை வியாதி உண்டா, ஆபரேஷன் ஏதும் ஆகியிருக்கிறதா, இப்போது என்ன மாத்திரை சாப்பிடுகிறார், இடையில் விடாமல் சாப்பிடுகிறாரா. நான் வாயைத் திறப்பதற்குள் கோகிலா சொன்னாள். "ஒரு நாள்கூட விட்டதில்ல சிஸ்டர். நானே கையில எடுத்துக் குடுப்பேன்." அமலி ஒரு டிக் அடித்தாள். நான் அந்த டிக்கைப் பார்த்தேன். நீல மசியில், வால் கொஞ்சம் நீளமாக. முப்பது வருஷம் ஜவுளிக்கடையில் நின்றவன், எதிரில் இருப்பவர் முகம் லேசாகச் சுருங்கினாலே புடவையை மாற்றி விரிக்கத் தெரிந்தவன், தன் மனைவி தனக்காகப் பெருமையோடு சொன்ன ஒரு பொய்யை, அவளுக்கே பொய்யென்று தெரியாத பொய்யை, நிறுத்தத் தெரியாமல் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு ஊசிக்குக் கையை நீட்டினேன்.

ஒரு நாள்கூட விட்டதில்லை. இருபத்திரண்டு நாள் விட்டேன். எண்ணிப் பார்க்கக்கூட வேண்டாம், எனக்குத் தெரியும். என் மகள் சுபாஷிணியின் நிச்சயதார்த்தத்துக்கு இருபத்தொரு நாள் முன்னால் தொடங்கி அன்றைக்குக் காலை வரை. அதிகாலை ஐந்தரைக்குக் கோகிலா எழுப்புவாள், வெறும் வயிற்றில் போட வேண்டிய மாத்திரை, ஒரு மணி நேரம் கழித்துத்தான் காபி. தம்ளரையும் மாத்திரையையும் கொடுத்துவிட்டு விழுங்குகிற வரைக்கும் நிற்பாள். நான் அதை நாக்குக்கு அடியில் ஒதுக்கிக்கொண்டு தண்ணீரைக் குடிப்பேன். அவள் அடுப்படிக்குத் திரும்பியதும் கைக்குட்டையில் துப்பி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வேன். கடைக்குப் போகிற வழியில், பின்சந்துச் சாக்கடை மேல் கல் உடைந்திருக்கிற இடத்தில், மூக்கைச் சிந்துகிறவன் மாதிரி குனிந்து போட்டுவிடுவேன். அறக்கட்டளைக்காரர்கள் வரவழைத்துக் கொடுக்கிற மாத்திரை. அவர்கள் பட்டியலில் பேர் வருவதற்காக நாலு மாதம் காத்திருக்கிறவர்கள் உண்டு, வராமலே போனவர்களும் உண்டு. நாக்குக்கு அடியில் வைத்திருந்த கசப்பு மத்தியானம் வரைக்கும் இருக்கும். மத்தியானச் சோற்றிலும் அந்தக் கசப்பு. ஒருநாள் சாக்கடையை எட்டிப் பார்த்தேன், அது கரைந்து யாருடைய கைனேஸைப் பிடித்து உட்காரும் என்று யோசித்தேன், சிரிப்புகூட வந்தது. சிரித்தேன். அதை நினைத்தால் இப்போது முகம் சுடுகிறது, இந்தக் குளிரிலும்.

கைனேஸ் என்ற பேரை எனக்குச் சொன்னது டாக்டர் நஸ்ரின். பீடி, சிகரெட் தொட்டதில்லை, வெற்றிலைகூடப் போட்டதில்லை, எனக்கு எப்படி நுரையீரலில் வரும் என்று நான் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே இருந்தேன். வெளியே முப்பது பேர் காத்திருக்கும்போது அவர் சீட்டின் பின்பக்கம் ஒரு வட்டம் போட்டார். இது ஒரு செல். மேலே நீட்டிக்கொண்டிருப்பது வெளியிலிருந்து வருகிற சேதியை வாங்கிக்கொள்ளும். வளரு என்று சேதி வந்தால் உள்பக்கத்தில் இருக்கிற கைனேஸ் என்ற புரதம் அதை அடுத்த புரதத்துக்குச் சொல்லும், அது அதற்கு அடுத்ததுக்கு, கடைசியில் செல் இரண்டாகப் பிரியும். சேதி நின்றால் கைனேஸும் சும்மா இருக்கும். உங்களுக்கு அந்தக் கைனேஸில் ஒரு சின்னப் பிசகு, வெளியிலிருந்து யாரும் எதுவும் சொல்லாமலே அது உள்ளே வளரு வளரு என்று சொல்லிக்கொண்டே இருக்கிறது. இந்த மாத்திரை அந்தக் கைனேஸில் இருக்கிற ஒரு இடுக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும். அது உட்கார்ந்திருக்கிற வரைக்கும் கைனேஸ் வாயைத் திறக்காது. ஆனால் தினம் போட்டால்தான் உட்கார்ந்திருக்கும். கடைசி வரியை அவர் கோகிலாவைப் பார்த்துச் சொன்னார், என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. அப்போதே என்னைத் தெரிந்துவிட்டதோ. இல்லை, அவள்தான் பேனாவும் நோட்டும் எடுத்து எழுதிக்கொண்டிருந்தாள். மூன்று மாதத்தில் கட்டி பாதியாகக் குறைந்தது. மாடிப்படி ஏறினால் இழுத்த மூச்சு இழுக்கவில்லை. ஆனால் முகம். மூக்குக்கு இரண்டு பக்கமும், நெற்றியில், மோவாயில், சிவந்து சீழ் கட்டிய பருக்கள், ஐம்பத்து நாலு வயசில். டாக்டர் அதையும் சொல்லியிருந்தார். தோலிலும் அதே கைனேஸ் உண்டு, அங்கே ஒழுங்காக வேலை செய்கிறது, மாத்திரைக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது, இரண்டையும் பிடித்துவிடும். முகத்தில் வந்தால் பெரும்பாலும் உள்ளேயும் வேலை நடக்கிறது என்று அர்த்தம், வருத்தப்படாதீங்க என்றார். கோகிலா வருத்தப்படவே இல்லை. காலையில் என் முகத்தைத் திருப்பி வெளிச்சத்தில் பார்ப்பாள். இன்னிக்கு நல்லா வந்திருக்குங்க என்பாள். கடையில் கல்யாணப் புடவை எடுக்க வருகிறவர்கள் தனபாலன் இருக்கிறாரா என்று கேட்டு வருவார்கள், அந்த முகத்தோடு அவர்கள் முன்னால் நான் உட்கார வேண்டியிருந்தது. அவள் அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தாள்.

முதலாளி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை. கொஞ்ச நாள் மேலே கிடங்கில் சீட்டு ஒட்டுகிற வேலையைப் பாருங்க தனபாலன், படியும் அதிகம் ஏறி இறங்க வேண்டியிருக்காது என்று என் உடம்புக்காகச் சொல்வது மாதிரி சொன்னார். மேலே ஜன்னல் கிடையாது. கீழே யாரோ ஒருவன் என் மெத்தையில் உட்கார்ந்து புடவையை விரிக்கிற சத்தம், உதறி விரிக்கிறான், பட்டை உதறக்கூடாது, மடி மடியாக எடுத்து வைக்க வேண்டும். பிறகு மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வந்த நாள். தட்டில் சொஜ்ஜியும் பஜ்ஜியும் வைத்து நானே கொண்டுபோய் நீட்டினேன். மாப்பிள்ளையின் அத்தை தட்டுக்கு நீட்டிய கையை என் முகத்தைப் பார்த்ததும் மடியில் வைத்துக்கொண்டார். வயிறு சரியில்லை என்றார். கொஞ்ச நேரம் கழித்துக் கோகிலா நீட்டிய தட்டிலிருந்து எடுத்துச் சாப்பிட்டார். யாரும் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன், அதுதானே என் தொழில், கை எங்கே நிற்கிறது எங்கே பின்வாங்குகிறது என்று பார்ப்பது. அந்தக் கைக்காகத்தான் நிறுத்தினேன் என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். சுபாஷிணிக்காக, அவளுடைய நிச்சயதார்த்தப் படத்தில் அப்பா அப்படி நிற்கக்கூடாது என்பதற்காக. சுபாஷிணி என்னிடம் அப்படிக் கேட்டாளா. அவள் மாப்பிள்ளையிடம் முதல் தடவை போனில் பேசியபோதே அப்பாவுக்குக் கேன்சர், மாத்திரையில் இருக்கிறார், முகத்தில் அதனால் இப்படி, என்று சொல்லிவிட்டுத்தான் மற்றதைப் பேசினாள். அவர்கள் வீட்டில் மாமனார் மாமியாருக்கெல்லாம் தெரியும். அத்தை மட்டும் வெளியூர்க்காரி, அவருக்கு யாரும் சொல்லவில்லை. இதெல்லாம் எனக்கு முன்பே தெரியும். தெரிந்துதான் நிறுத்தினேன். மகளை ஒரு சாக்காக வைத்துக்கொண்டேன், அவ்வளவுதான். அவளுக்கு இது தெரிந்தால் தன்னால்தான் என்று அழுவாள். இல்லை, அழமாட்டாள், என்னைப் பார்ப்பாள். அந்தப் பார்வையை இப்போது யோசிக்க வேண்டாம். தண்ணீர் குடிக்கலாம். ஒரு வாய்.

நிறுத்தி எட்டாவது நாள் மூக்குப் பக்கம் சிவப்பு மங்கியது. பன்னிரண்டாவது நாள் நெற்றி தெளிந்துவிட்டது. கோகிலா அதற்குள் ஒரு மருந்து கண்டுபிடித்திருந்தாள், கற்றாழைச் சோறும் கஸ்தூரி மஞ்சளும் வேப்பெண்ணெயும் சேர்த்து, ராத்திரி படுக்கப் போகும்போது என் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு விரல் நுனியால் தடவிவிடுவாள். வேப்பெண்ணெய் நாற்றத்தில் தலையணை உறையை நாளுக்கு ஒன்றாக மாற்றினாள். கேக்குதுங்க, பாருங்க கேக்குது என்பாள். நான் கண்ணை மூடிக்கொண்டிருப்பேன். அவள் விரல் கன்னத்தில் போகும்போது சொல்லிவிடலாம் என்று தோன்றும், ஆனால் விரல் அவ்வளவு சந்தோஷமாகப் போகும். பதினாலாவது நாள் நானே கீழே இறங்கிப் போய் என் மெத்தையில் உட்கார்ந்தேன். முதலாளி பார்த்தார், அட என்றார், அவ்வளவுதான். லால்குடியிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. அரக்கு நிறத்தில் ஒரு பட்டு, கரையில் மாம்பழ மஞ்சள். பொண்ணு அதை வேண்டாம் என்றாள். நான் அதை என் தோளில் போட்டு முந்தானையை முன்னால் விட்டுக் காட்டினேன், எப்போதும் செய்கிறதுதான். பொண்ணோட அம்மா, உங்களுக்கே இவ்வளவு எடுப்பா இருக்கே என்று சொல்லிச் சிரித்தார். எதிரில் ஆளுயரக் கண்ணாடி. அதில் நான் என்னைப் பார்த்தேன். தெளிந்த முகம், நரைத்த மீசை, தோளில் அரக்குப் பட்டு. எனக்குப் பிடித்திருந்தது. இதுதான், இதற்குமேல் ஒளிப்பதற்கு ஒன்றும் இல்லை, எனக்கு என் முகம் பிடித்திருந்தது. அந்த நிமிஷம் நுரையீரல் ஞாபகமே இல்லை. மகள் இல்லை, அத்தை கை இல்லை. உள்ளே எந்தப் பிடியும் இல்லாமல் கைனேஸ் வளரு வளரு என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கும், நான் கண்ணாடி முன்னால் முந்தானையைச் சரிசெய்துகொண்டிருந்தேன். அன்றைக்குக் கடை முடிந்து போகும்போது பூகூட வாங்கிக்கொண்டு போனேன் கோகிலாவுக்கு. பூ.

நிச்சயதார்த்தத்துக்கு மறுநாள் மாத்திரையைப் போட ஆரம்பித்துவிட்டேன். அதோடு முடிந்தது, யாருக்கும் நஷ்டமில்லை என்று நினைத்தேன். நாலாவது நாள் டாக்டரிடம் போகிற முறை. அவர் என் முகத்தைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். நல்லா தெளிஞ்சிருக்கே, என்ன போட்டீங்க என்று கேட்டார். கோகிலா அந்த மருந்தைச் சொன்னாள், அளவோடு சொன்னாள். டாக்டர், பரவாயில்லையே, நீங்க ஒரு நர்ஸ் மாதிரி பாத்துக்கறீங்க என்றார். கோகிலா வெட்கப்பட்டாள். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் அவளை யாரும் அப்படிப் பாராட்டி நான் பார்த்ததில்லை, நானும் பாராட்டினதில்லை. அவள் தலையைக் குனிந்துகொண்டு புடவைத் தலைப்பை விரலில் சுற்றினாள். அந்த இடத்தில் நான் எப்படிச் சொல்ல முடியும். சொல்லியிருக்கலாம். சொல்லியிருக்கலாம்தான். இருமல் இருக்கிறது டாக்டர் என்று மட்டும் சொன்னேன். எப்போதிலிருந்து என்றார். நிச்சயதார்த்தம் முடிந்த பிறகு, அலைச்சல், ஐஸ்கிரீம் என்றேன். அவர் முகம் மாறியது. முதுகில் வைத்துக் கேட்டார், படம் எடுத்துப் பார்த்துவிடலாம் என்றார். சில பேருக்குக் கொஞ்ச காலத்துக்குப் பிறகு கைனேஸ் தன் வடிவத்தை மாற்றிக்கொள்ளும், மாத்திரை உட்கார இடமில்லாமல் போய்விடும், மாத்திரையை ஒழுங்காகப் போட்டும் கட்டி வளர்ந்திருந்தால் அதுதான் காரணமாக இருக்கும், அப்புறம் மறுபடி ஊசி குத்தி சதை எடுத்துச் சோதிக்கணும், வேறு மருந்து, தேவைப்பட்டால் கீமோ. ஒழுங்காகப் போட்டும். அவர் அதை நம்பித்தான் இந்த ஸ்கேனைப் பார்க்கப் போகிறார். வளர்ந்திருந்தால், பாவம், மாத்திரைமேல் பழி. நன்றாக வேலை செய்துகொண்டிருந்த மாத்திரை. அதை எடுத்துவிடுவார், அதன் இடத்தில் வேறொன்று வரும், அதற்குப் பிறகு வேறொன்று, எத்தனை இருக்கிறதோ. இருக்கிற கொஞ்சத்தில் ஒன்றை நான் ஒரு டிக்கால் தொலைக்கப் போகிறேன். இருமல் எப்போது வந்தது என்பதை இப்போது யோசிக்க வேண்டாம். மூளை தின்னட்டும், வேறு எதையாவது தின்னட்டும்.

எவ்வளவு நேரம் ஆகியிருக்கும். சுவரில் கடிகாரம் இல்லை. மூலையில் காமிரா இருக்கிறது, அமலி எங்கோ உட்கார்ந்து நான் அசைகிறேனா என்று பார்த்துக்கொண்டிருப்பாள். கோகிலா வெளியே தூக்குப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், நேற்று ராத்திரியிலிருந்து நான் சாப்பிடவில்லை என்பதால் அவளும் சாப்பிட்டிருக்கமாட்டாள். பக்கத்தில் இருக்கிறவர்களிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருப்பாள், எந்த ஊர், யாருக்கு உடம்பு சரியில்லை, எத்தனை பிள்ளைகள். யாருக்காவது என்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருப்பாள். ஒரு நாள்கூட விட்டதில்லை என்று. அது எனக்கு இங்கே கேட்கிறது. ஒருவேளை வளராமலே இருக்கலாம். அப்போது சொல்ல வேண்டியதே இல்லையே. வளர்ந்திருந்தால் சொல்லலாம், இல்லையென்றால் விட்டுவிடலாம். எவ்வளவு சுலபமாக வந்துவிட்டது பார் இந்தக் கணக்கு. கை மோவாய்க்குப் போகிறது, அசையக்கூடாது, ஆனால் போய்விட்டது. இரண்டு சின்னப் பரு. நேற்றிலிருந்து திரும்ப வர ஆரம்பித்திருக்கிறது. தொட்டதும் முதலில் வந்தது பயம் இல்லை, சந்தோஷமும் இல்லை, ஐயோ மறுபடியுமா என்று ஒரு சலிப்பு. இவ்வளவுக்குப் பிறகும். படுத்தபடியே எனக்கு என்மேல் அப்படி ஒரு அருவருப்பு வந்தது, அந்தக் காமிரா அதைப் பார்த்திருக்கும் என்றுகூடத் தோன்றியது. அப்போது கதவு திறந்தது.

வாங்க ஐயா, பாத்ரூம் போயிட்டு வந்துருங்க, மிஷினுக்குப் போகலாம் என்றாள் அமலி. நான் எழுந்திருக்கவில்லை. "சிஸ்டர், அந்த பாரத்தில ஒண்ணு தப்பா இருக்கு," என்றேன். ஒரு மணி நேரம் பேசாததால் குரல் கட்டியிருந்தது. மாத்திரையை இடையில் நிறுத்தியதையும், எத்தனை நாள் என்பதையும், முகத்துக்காக என்பதையும் சொன்னேன். அவள் கதவுக்கு அந்தப் பக்கமே நின்று கேட்டாள், என் பக்கத்தில் அதிக நேரம் நிற்கக்கூடாது அவர்களுக்கு. கோபப்படுவாள் என்று நினைத்தேன். அவள் போய்ப் படிவத்தை எடுத்துவந்து டிக்கைக் கோடு போட்டு அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுதினாள், தேதியைத் திருப்பிக் கேட்டுச் சரிபார்த்துக்கொண்டாள். "நல்லவேளை சொன்னீங்க. இல்லேன்னா மருந்து கேக்கலன்னு முடிவு பண்ணிருப்பாங்க," என்றாள். பிறகு குரலைத் தணித்து, வீட்டம்மாவுக்குத் தெரியாதா என்று கேட்டாள். தெரியாது என்று தலையசைத்தேன். ரிப்போர்ட்டில் இது வரும், நாளைக்கு டாக்டர் வீட்டம்மா முன்னாலேயே கேட்பார், அதற்கு முன்னால் நீங்களே சொல்லிவிடுங்கள் என்றாள். மிஷினுக்குள் கையைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு கிடந்த இருபது நிமிஷமும் எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது என்பதிலேயே போய்விட்டது.

சாயங்காலம் வரைக்கும் கைக்குழந்தைகள், கர்ப்பிணிகள் பக்கத்தில் போகாதீர்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். வராந்தாவின் கோடியில் ஆளில்லாத பெஞ்சில் உட்கார்ந்தோம். கோகிலா டப்பாவைத் திறந்தாள், பொடி தடவிய இட்லி. முதல் விள்ளலை எடுப்பதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும் என்று இருந்தேன்.

"கோகிலா, நான் மாத்திரை போடல."

"இன்னிக்கா? காலையில குடுத்தேனே."

"நிச்சயதார்த்தத்துக்கு முன்னாடி. இருபத்திரண்டு நாள். போட்ட மாதிரி காட்டிட்டுத் துப்பிட்டேன்."

அவள் டப்பாவை மூடினாள். மூடி சரியாக உட்காரவில்லை, திரும்ப எடுத்து அழுத்தி மூடினாள். எங்கே துப்பினீர்கள் என்று கேட்டாள், சாக்கடையில் என்றேன். ஏன் என்று கேட்கவே இல்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

"அப்ப முகம் தெளிஞ்சது என் மருந்தால இல்லையா," என்றாள்.

இல்லை என்றேன். அவள் எனக்கென்று இல்லாமல் தனக்கே சொல்லிக்கொள்வது மாதிரி, போன முறை நான் பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கப் போயிருந்தபோது அரியலூர்ப் பெண் ஒருத்தி தன்னிடம் பேசியதைச் சொன்னாள். அந்தப் பெண்ணின் புருஷனும் இதே மாத்திரை, இதே முகம், ஆறு மாதமாக வாசலுக்குக்கூட வருவதில்லை. கோகிலா அவளுக்குத் தன் மருந்தை எழுதிக் கொடுத்திருக்கிறாள். அந்தப் பெண் இரண்டு தடவை போன் செய்து, கேட்கவில்லை அக்கா என்று சொல்லியிருக்கிறாள். நீ சரியாத் தடவலைன்னு அவளைத் திட்டினேன் என்றாள் கோகிலா. அப்போதுதான் அவள் குரல் உடைந்தது, எனக்காக இல்லை, அந்தப் பெண்ணுக்காக. உடனே பையிலிருந்து போனை எடுத்து அவளைக் கூப்பிட்டாள். அந்த மருந்தை நிறுத்திடும்மா, அது எங்களுக்கும் கேக்கல, நான்தான் தப்பா நெனச்சுட்டேன் என்றாள். அப்ப அண்ணனுக்கு எப்படித் தெளிஞ்சுது என்று அந்தப் பெண் கேட்டது எனக்கும் காதில் விழுந்தது. கோகிலா என்னைப் பார்த்தாள். போனை என்னிடம் நீட்டினாள்.

வாங்கிக்கொண்டேன். நான் அவங்க வீட்டுக்காரர் பேசுறேம்மா, உங்க வீட்டுக்காரர் இருந்தா குடுங்க என்றேன். கொஞ்ச நேரம் கழித்து ஒரு ஆண் குரல், சொல்லுங்க என்றது, என் வயசுதான் இருக்கும். பேரைச் சொன்னேன், என்ன தொழில் என்று சொன்னேன். முகத்துக்காக மாத்திரையை நிறுத்தினேன், அதனால்தான் தெளிந்தது, மருந்தினால் இல்லை என்று சொன்னேன்.

"எத்தனை நாள்ல தெளிஞ்சுது?" என்று அவர் கேட்டார்.

அந்தக் குரலை எனக்குத் தெரியும். மனைவி பக்கத்தில் இருக்கும்போது அவளுக்குக் கேட்காத மாதிரி கேட்கிற குரல். எட்டாம் நாள், பன்னிரண்டாம் நாள் எல்லாம் நாக்கு நுனியில் இருந்தது. கோகிலா பக்கத்தில் மூடிய டப்பாவின்மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"பதினேழாம் நாள் இருமல் வந்துச்சுங்க," என்றேன். "வந்ததுக்கு அப்புறமும் அஞ்சு நாள் நான் மாத்திரையைத் தொடல."

அதைக் கோகிலாவும் அப்போதுதான் கேட்டாள்.